ஆறும் வழியும்: தன்யூப் பள்ளத்தாக்கின் துவிச்சக்கரவண்டிப் பாதை

தமிழிலே 'ஆறு' என்னுஞ் சொல் நீரோடும் நதியையுங் குறிக்கும். மக்கள் செல்லும் வழியையுங் குறிக்கும். பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிர்ப்பட்ட இரவலனுக்கு வள்ளலிடஞ் செல்லும் நெறியைக் காட்டுவதாக அமைந்த இலக்கியம் ஆற்றுப்படை எனப் பெயர் பெற்றதும் இதனாலேயாம். இவ்விரு பொருள்களும் ஒரு சொல்லில் அமைந்தமைக்குச் சொல்லாராய்ச்சியாளர் கூறுங் காரணம் யாதாயினும் ஆகுக. மலைநாட்டிலே, பொறியின் உதவியின்றித் தன் உடல் வலிமையொன்றையே துணையாகக் கொண்டு நெடுந்தூரஞ் செல்வோனுக்கு நதியே வழியாகும் என்பது நிலவியல் தரும் உண்மை. துவிச்சக்கரவண்டியிற் சுற்றுலாச் செல்வோர் உலகெங்கும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளை நாடுவதும் இவ்வுண்மை பற்றியேயாகும். இதனை விளக்குதற்கு ஐரோப்பாவின் தன்யூப் நதியோரத்தில், ஜேர்மனியின் எல்லை நகரான பசவு முதல் ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னா வரை செல்லும் பாதை சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஏற்றமும் இறக்கமும்

சமதரையிலே வண்டி ஓட்டுபவனுக்குத் தடையாவன காற்றும் சில்லின் உராய்வுமேயாம். மலைப்பாங்கான நிலத்திலோ புவியீர்ப்பு மூன்றாவது தடையாக வந்து சேர்கின்றது. ஓட்டுபவனும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோகிராம் எனக் கொள்வோமாயின், அச்சுமையை 100 மீற்றர் உயரத்திற்கு ஏற்றுதற்கு ஏறத்தாழ 88 கிலோயூல் சத்தி வேண்டும். பயிற்சி மிகுதியில்லாத ஒருவன் களைப்பின்றி நெடுநேரம் தரக்கூடிய வலு 75 உவாற்று அளவினதாயின், அவ்வொரு குன்றை ஏறுதற்கே, பிற தடைகளைக் கருதாதவிடத்தும், ஏறக்குறைய 20 நிமிடங்கள் கழியும்.

ஏறியவன் பின்னர் இறங்குவானன்றோ, செலவிட்ட சத்தி அப்பொழுது மீளக் கிடைக்குமன்றோ எனின், முழுவதும் கிடைப்பதில்லை. விரைந்து இறங்கும்பொழுது காற்றின் தடை மிகப் பெருகுகின்றது. வளைவுகளிலே தடுப்பைப் பிடிக்க வேண்டியும் நேர்கின்றது. குன்றேறிச் சேமித்த சத்தியிற் பெரும்பகுதி இவ்வாறு வெப்பமாகிக் காற்றிற் கலந்துவிடுகின்றது. ஆகவே, 100 மீற்றர் உயரமுள்ள பத்துக் குன்றுகளைக் குறுக்காகக் கடப்பவன், புறப்பட்ட மட்டத்திலேயே பயணத்தை முடிப்பினும், 1000 மீற்றர் மலையேறியவனாகின்றான்.

இதனாற் பெறப்படுவது யாதெனில், மலைநாட்டிற் பள்ளத்தாக்குகளைக் குறுக்கறுத்துச் செல்லும் வழி கடினமானது. பள்ளத்தாக்கின் நெடுக்கே செல்லும் வழி எளிதானது. நீர் மேடேறிப் பாய்வதில்லையாதலின், அது பன்னெடுங் காலமாக அறுத்து அமைத்த தடமே அந்நிலத்தின் மிக மெல்லிய சரிவாகும். பசவிலிருந்து வியன்னா வரையுள்ள ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரத்திலே தன்யூப் தாழ்வது 130 மீற்றர் அளவே. கிலோமீற்றருக்கு அரை மீற்றரினுங் குறைந்த இச்சரிவைக் கண்ணாற் காண்டலரிது. இப்பகுதியில் மேற்குக் காற்றே மிகுதியாக வீசுவதால், கிழக்கு நோக்கிச் செல்வோனுக்கு நீரோட்டத்தின் திசையே காற்றின் திசையுமாகப் பெரும்பாலும் அமைகின்றது.

பள்ளத்தாக்கின் அமைப்பு

பசவிலே மூன்று நதிகள் கூடுகின்றன. தெற்கே அல்ப்ஸ் மலையிலிருந்து வரும் இன் நதியின் நீர் வெளிறிய பச்சை நிறத்தது. வடக்கே சதுப்பு நிலங்களினூடு வரும் இல்ஸ் நதியின் நீர் கருமை வாய்ந்தது. சராசரி அளவிலே இன் நதி கொணரும் நீர் தன்யூப்பின் நீரினும் மிகுதியாயினும், கூடிய பின் செல்லும் நதி தன்யூப் என்றே வழங்குகின்றது.

இதன்பின் நதி செல்லும் நெறி வியப்பிற்குரியது. தெற்கே மென்மையான படிவுப் பாறைகள் பரந்து கிடப்பவும், அது பல இடங்களிலே போகீமியத் திணிவைச் சேர்ந்த கருங்கல்லை அறுத்துக்கொண்டு செல்கின்றது. முற்காலத்தில் அக்கடும் பாறைகளை மென்படிவுகள் மூடியிருந்தன. அவற்றின்மீது தன் தடத்தை வகுத்துக்கொண்ட நதி, படிப்படியாகக் கீழ்நோக்கி அறுத்து, அடியிலிருந்த பாறையை அடைந்தபொழுது பழைய தடத்தை விட்டு விலக இயலாதாயிற்று என நிலவியலார் விளக்குவர். சுலோகன் என்னும் ஊரருகே நதி எதிர்த்திசை நோக்கி முற்றாகத் திரும்பிக் கொண்டையூசி போல வளைவது இதற்குச் சான்றாகும்.

இக்காரணத்தால் ஒடுங்கிய மலையிடுக்கும் அகன்ற வடிநிலமும் மாறிமாறி வருகின்றன. இடுக்குகளிலே பாதை நீரோரத்தை ஒட்டிச் செல்லும். இருபுறமும் காடடர்ந்த சரிவுகள் எழும். வடிநிலங்களிலே அது வயல்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் நடுவே செல்லும். பாலமில்லாத இடங்களிலே சிறு ஓடங்கள் மனிதரையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கின்றன.

குதிரை நடந்த கரை

சரிவு மெல்லியதாயிருத்தல் மட்டும் ஒரு பாதையை உண்டாக்கிவிடாது. சேறும் புதருமாகிய ஆற்றங்கரையைச் செப்பஞ் செய்தவர் மனிதர். அவரும் துவிச்சக்கரவண்டியின் பொருட்டு அதனைச் செய்தாரல்லர். நீராவிக் கப்பல் தோன்றுமுன், நீரோட்டத்தோடு செல்லும் படகுகள் தாமே மிதந்து சென்றன; எதிரோட்டத்திற் செல்லும் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் கயிறு பூட்டி இழுத்தன. வைனும் தானியமும் ஏற்றிய படகுகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்துப் பல குதிரைகள் இழுத்துச் செல்வது வழக்கம். அவை நடப்பதற்கென அமைந்த கரைவழிகளே இன்றைய பாதையின் முன்னோடிகளாகும்.

1829ஆம் ஆண்டிலே தன்யூப் நீராவிக் கப்பற் கழகம் நிறுவப்பட்டது. 1858இலே வியன்னாவிலிருந்து லின்ஸ் நகருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. குதிரைகளுக்கு வேலையற்றுப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே நதியின் குறுக்கே நீர்மின் நிலையங்கள் எழுந்தன. இப்ஸ்-பெர்சன்போய்க் நிலையம் 1959இல் நிறைவுற்றது. கிறைன் என்னும் ஊருக்குக் கீழே படகோட்டிகள் நூற்றாண்டுகளாக அஞ்சிய பாறைகளிற் பலவற்றை முன்னரே வெடிவைத்து அகற்றியிருந்தனர்; எஞ்சிய விரைவோட்டம் இவ்வணை தேக்கிய நீரின் கீழ் அடங்கிற்று. இன்று இந்நெடுவழியில், எல்லையிலுள்ள யோகன்ஸ்டைன் உட்பட, பத்து நிலையங்கள் உள்ளன.

1980களில் இக்கரைவழிகளையும், அணைக்கட்டுகளைப் பேணுதற்கு அமைந்த வீதிகளையும் இணைத்துத் துவிச்சக்கரவண்டிப் பாதையாக்கினர். கைவிடப்பட்டதொன்று புதிய பயன் பெற்றது. நாளொன்றுக்கு 50 அல்லது 60 கிலோமீற்றர் செல்பவன் ஆறேழு நாட்களில் வியன்னாவை அடைவான். ஒவ்வொரு நாளும் அவனுக்கு உணவும் உறைவிடமும் வேண்டும். காரிற் செல்வோர் நில்லாது கடந்துபோகும் சிற்றூரிலே அவன் தங்குகின்றான். மெல்லச் செல்வோனால் நாட்டுப்புறம் அடையும் நன்மை இதுவாகும்.

மேட்டில் உள்ள ஓரிடம்

லின்ஸ் நகரைக் கடந்து சற்றுத் தூரஞ் சென்றதும் மௌத்தவுசன் என்னும் ஊர் வருகின்றது. ஆற்றங்கரையிலே நின்று பார்ப்பின் இதுவும் அமைதியான ஓர் ஊரே. கரையை விட்டு மேட்டின்மீது ஏறினாற் காணப்படுவது 1938இலே நாசி ஆட்சியினர் அமைத்த சிறைமுகாமாகும். அவ்விடத்தை அவர் தெரிந்தமைக்குக் காரணம் அங்கிருந்த கருங்கற் குழிகளே. நதி அறுத்துச் சென்ற அதே கடும் பாறை அது. கைதிகள் கற்களைச் சுமந்து 186 படிகளில் ஏறுமாறு வருத்தப்பட்டனர். மௌத்தவுசனிலும் அதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 190,000 பேர். அவருள் மாண்டவர் 90,000 பேருக்குக் குறையார். 1945ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் தேதி அமெரிக்கப் படையினர் அம்முகாமை விடுவித்தனர். இன்று அது நினைவிடமாகப் பேணப்படுகின்றது.

எளிய சரிவை நாடி வந்த பயணி ஏற்றத்தை விலக்கிச் செல்லுதல் இயல்பு. எனினும் இவ்வேற்றம் ஒன்றை அவன் விலக்கலாகாது. ஆற்றோரத்தின் அழகை மட்டுங் கண்டு செல்வோன் அந்நாட்டைப் பாதியே கண்டவனாவான்.

காக்கப்பட்ட பள்ளத்தாக்கு

மெல்க், கிரெம்ஸ் என்னும் ஊர்களுக்கிடையே ஏறத்தாழ 36 கிலோமீற்றர் நீளமுள்ள வாக்கவுப் பள்ளத்தாக்கே இப்பாதையின் சிறந்த பகுதியெனப் பலருங் கூறுவர். மெல்க்கிற் பாறைமேல் எழுந்து நிற்பது 1089இல் நிறுவப்பட்ட கிறித்தவ மடம். டியூர்ண்ஸ்டைன் குன்றின்மீதுள்ள இடிந்த கோட்டையிலே, சிலுவைப் போரிலிருந்து மீண்ட இங்கிலாந்து மன்னன் முதலாம் றிச்சாட் 1192ஆம் ஆண்டின் இறுதியிற் சிறை வைக்கப்பட்டான். வில்லண்டோர்வ் என்னுஞ் சிற்றூரிலே, ஏறத்தாழ 30,000 ஆண்டுகட்கு முற்பட்ட, 11 சதமமீற்றர் உயரமுள்ள பெண்ணுருவச் சிலையொன்று 1908இற் கண்டெடுக்கப்பட்டது. சரிவுகளிலே சாந்தின்றிக் கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டு நிலங்களில் முந்திரிகைக் கொடிகள் வளர்கின்றன. தாழ்நிலங்களிலே அப்பிரிக்கொட் மரங்கள் நிற்கின்றன.

இப்பள்ளத்தாக்கும் அணையொன்றினால் மாறிவிடும் நிலை ஒருகாற் தோன்றியது. 1970களில் இங்கும் மின்னிலையம் அமைக்கும் திட்டம் எழுந்தபொழுது, அங்கு வாழ்ந்தோர் அதனை எதிர்த்தனர். இவ்வெதிர்ப்பை எளிதிற் புறந்தள்ளவும் இயலாது. எளிதிற் புகழ்ந்துவிடவும் இயலாது. நீர்மின்சாரம் புகையற்றது, ஒஸ்திரியாவின் மின்தேவையிற் பெரும்பகுதியை நீரே நிறைவு செய்கின்றது. அணைகள் எழுந்தமையாற் பேணப்படும் வீதிகளிலே துவிச்சக்கரவண்டியும் செல்கின்றது. எனினும் ஓடும் நதியனைத்தும் தேங்கிய குளங்களின் தொடராய் ஆகிவிடின், மீனும் கரையோரக் காடும் அவற்றோடு பிணைந்த வாழ்க்கையும் மீளா. வாக்கவில் அணை எழவில்லை. வியன்னாவுக்குக் கிழக்கே ஹைன்பூர்க் அருகே 1984ஆம் ஆண்டு திசெம்பரில் மக்கள் ஆற்றங்கரைக் காட்டிலே குளிரிற் தங்கியிருந்து மற்றோர் அணையைத் தடுத்தனர். அந்நிலம் 1996இலே தேசியப் பூங்காவாயிற்று. ஒஸ்திரியாவிலே தன்யூப் இன்றும் தடையின்றி ஓடும் பகுதிகள் பெரும்பாலும் இவ்விரண்டுமே. வாக்கவு 2000ஆம் ஆண்டிலே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

நதியும் வழிகாட்டி மட்டுமன்று. 2002இலும் 2013இலும் பெருவெள்ளம் இக்கரைகளை மூடியது. 2013ஆம் ஆண்டு யூன் மாதத்திற் பசவிலே நீர் 12.89 மீற்றர் மட்டத்தை எட்டிற்று. 1501இன் பின் அந்நகர் அத்தகைய வெள்ளத்தைக் கண்டதில்லை. பாதை மூழ்கும், நீர் வடிந்தபின் சேற்றை அகற்றி மீண்டுந் திறப்பர். வழியை வகுத்தது நதியாயினும், அதனை வழியாக வைத்திருப்பது இவ்வுழைப்பே.

பள்ளத்தாக்குப் பயணத்தை மேற்கொள்ள விரும்பும் இளைஞர் எந்நாட்டிற் செல்லினும் இதனின்று அறியத்தக்கன சில உள. நிலப்படத்தில் ஊர்களுக்கிடையேயுள்ள நேர்த்தூரத்தை முதலில் அளவாது, சமவுயரக் கோடுகளையும் நதியின் போக்கையும் நோக்குக. நதியோடு செல்லும் திசையையும் காற்றின் திசையையும் ஒப்பிடுக. கரைவழி யார் எதற்காக அமைத்தது என வினவுக. அதனை இன்று யார் பேணுகின்றனர் என்பதையும் வினவுக. இவ்வினாக்களுக்கு விடை காண்போனுக்கு 'ஆறு' என்னுஞ் சொல்லின் இரு பொருளும் ஒருங்கே விளங்கும்.