கூட்டத்துக்கு வராத உறுப்பினர்



ஒரு உறுப்பினர் ரெண்டு கூட்டத்துக்குத் தொடர்ந்து வரவில்லை என்றால் நம் குழுக்களில் என்ன செய்கிறோம்? வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதுகிறோம். அபராதம் போடுகிறோம். மூணாவது வாரம் ஊக்குநரும் பிரதிநிதியும் அவர் வீட்டுக்குப் போய், "ஏங்க, இந்த மாசத் தவணை என்னாச்சு?" என்று கேட்கிறோம். உடம்புக்கு என்ன, மனசுக்கு என்ன என்று கேட்பது அதற்கப்புறம்தான். பல குழுக்களில் அதைக் கேட்பதே இல்லை.

மனசு உடைந்துபோய், "இனி இருந்து என்ன பண்ணப் போறேன்" என்ற நிலைக்கு வந்துவிட்ட உறுப்பினரிடம் குழு எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இந்த மாதம் அதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசலாம்.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டு இறந்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நம் மாநிலத்துக்குத்தான். அதே ஆண்டு நாடு முழுவதும் இப்படி இறந்தவர்களில் 25,309 பேர் இல்லத்தரசிகள். வீட்டோடு இருக்கிற பொம்பளைக்கு என்ன பெரிய கவலை என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

1989-ல் பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. அடுத்த சில வருடங்களில் நம் சேலம் மாவட்டத்துக்கும் வந்தது. சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு எல்லாம் அதன் பிறகு வந்த பழக்கம். ஆனால் வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது இருக்கிறதே, அது எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லாத வசதி. போன வாரம் சிரித்துப் பேசியவள் இந்த வாரம் தலை குனிந்தே இருக்கிறாள் என்பது டாக்டருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

எதைக் கவனிக்க வேண்டும்? தூக்கம் இல்லை என்பாள், அல்லது எந்நேரமும் படுத்தே கிடப்பாள். சாப்பாடு இறங்காது. தறி ஓட்டப் போகிறவள், கிழங்குக் காட்டு வேலைக்குப் போகிறவள் காரணம் சொல்லாமல் நின்றுவிடுவாள். தலைவலி, நெஞ்சுப் படபடப்பு என்று மாற்றி மாற்றி மாத்திரை வாங்குவாள், எதுவும் கேட்காது. குழந்தை பெற்று சில வாரங்களே ஆன பெண் பிள்ளையைத் தூக்கவே பிடிக்காமல் அழுதுகொண்டிருந்தால் அதை 'பச்சை உடம்பு, அப்படித்தான்' என்று விட்டுவிடக்கூடாது. "நான் இல்லாட்டி எல்லாரும் நிம்மதியா இருப்பீங்க" என்ற பேச்சு, திடீரென்று நகையையும் சேலையையும் எடுத்துக் கொடுப்பது, "எம் புள்ளைங்களைப் பாத்துக்கங்க" என்று சொல்வது, இவை வந்துவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

யார் போவது? குழுவே திரண்டு போக வேண்டாம். பத்துப் பேர் வாசலில் நின்றால் கடன் வசூலுக்கு வந்தார்கள் என்றுதான் தெரு நினைக்கும், அவளும் நினைப்பாள். அவளுக்குப் பிடித்த ஒருவர் போதும். கூட இன்னொருவர் வேண்டுமென்றால் அவர் வீட்டாரிடம் பேசிக்கொண்டிருக்கட்டும்.

போய் என்ன பேசுவது என்றுதான் பலருக்கும் தயக்கம். "உனக்கு ரெண்டு முத்தாட்டம் புள்ளைங்க இருக்கு, உனக்கென்ன குறைச்சல்?" என்று ஆரம்பித்தால் அவள் வாயை மூடிக்கொள்வாள். "எனக்கு வராத கஷ்டமா உனக்கு?" என்பதும் வேண்டாம். சாமிக்கு வேண்டிக்கொள் என்று முதலிலேயே சொன்னாலும் பேச்சு முடிந்துவிடும். "ரெண்டு வாரமா உன் முகமே சரியில்லயே, என்ன கண்ணு?" என்று கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்க வேண்டும். அவள் அழுதால் அழட்டும். கால் மணி நேரம் பேச்சே இல்லாமல் போனாலும் பரவாயில்லை.

அடுத்ததைக் கேட்கத்தான் நிறைய பேருக்குப் பயம். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஏற்படுத்திவிடுவோம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை என்பதை மனநல மருத்துவர்கள் ஆய்ந்து சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வைத்துப் புழுங்குகிறவளுக்கு ஒருத்தியாவது கேட்டாளே என்று பாரம் குறையும். "ஆமா" என்று சொன்னால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். அன்று அவளைத் தனியாக விடாதீர்கள். "யாருக்கும் சொல்லாதே" என்று கேட்டாலும் உயிர் விஷயத்தில் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். "உன்ன நம்பிக்கையான ஆளுகிட்ட கூட்டிட்டுப் போகத்தான் சொல்றேன்" என்று அவளிடமே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பூச்சி மருந்து இருந்தால் எடுத்து வெளியே, பூட்டுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். இந்த எண்ணம் அலை மாதிரி எழும்பி வரும், அந்த நேரம் கடந்துவிட்டால் தணிந்துவிடும். எழும்பும்போது கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும். இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சி மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். பத்தே ஆண்டில் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியானது. நம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில் பக்கம் விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான பூட்டுப் பெட்டிகளில் வைக்கிற முறையை 'ஸ்நேகா' அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் முதலானோர் செய்து பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நம் கூட்டமைப்பும் இதை யோசிக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி கடன் விஷயம். குழு கை கொடுக்கவும் செய்யும், கழுத்தை நெரிக்கவும் செய்யும். 2010-ல் ஆந்திராவில் நுண்கடன் வாங்கிய பெண்கள் பலர் தற்கொலை செய்துகொண்டதாகச் செய்திகள் வந்தன. ஏஜெண்டுகள் மிரட்டியது ஒரு பக்கம். கட்டாதவள் வீட்டு முன்னால் அவளுடைய குழுப் பெண்களையே உட்கார வைத்தார்கள் என்பது இன்னொரு பக்கம். அந்த அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2022-ல் ரிசர்வ் வங்கி விதித்த விதிப்படி, நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது. மிரட்டக்கூடாது, உறவினரையும் தோழிகளையும் தொந்தரவு செய்யக்கூடாது, பேரை வெளியிடக்கூடாது. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழக அரசும் 2025-ல் தனிச் சட்டம் செய்தது. கம்பெனிக்காரனுக்கே இது விதி. நம் சகோதரிக்கு நாம் இதைவிடக் கடுமையாக இருக்கலாமா? இடிந்துபோய் இருக்கிறவளின் உள்கடனுக்குத் தவணையைத் தள்ளிவைக்கலாம். தீர்மானத்தில் 'உடல்நலக் காரணம்' என்று எழுதினால் போதும், விவரம் வேண்டாம். குழு வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தையும் போட வேண்டாம். அடி உதைதான் காரணம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல் வீட்டில் வைத்துக் கைவைத்தியம் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவர், அவருக்குத் தண்டனை கூடாது என்று 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தயங்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

'பைத்தியம்' என்ற பேச்சு வந்தவுடன் மந்திரிக்கக் கூட்டிப்போகிற வழக்கமும் உண்டு. கோயிலுக்குப் போவதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் சங்கிலி கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் மாண்டார்கள். மொத்தம் 28 பேர்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் போனில் பேசலாம். 14416 என்ற எண் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். 104-லும் ஆலோசனை உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகாவின் எண் 044-24640050. அவளுக்குப் பேச வரவில்லை என்றால் நாம் பேசி, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்கலாம். நேரில் பார்க்க மேட்டூர் அரசு மருத்துவமனைக்கோ சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப் போகலாம். மேட்டூரில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை இருப்பார் என்று முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள். ஒரு நாள் கூலி வீணாகாது.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாடு. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், தன்னிடம் வைத்தியம் பார்த்த ஒரு பெண்ணைத் தற்கொலையில் பறிகொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வர அந்தப் பெண்ணிடம் பஸ் காசு இல்லை. 2006-ல் அவர் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். 'மன அழுத்தம்' என்று பெரிய வார்த்தை எதுவும் இல்லை. அந்த ஊர் மொழியில் 'ரொம்ப யோசனை' என்றுதான் அதற்குப் பேர். நாமும் "அவ ஒரே யோசனையா இருக்கா" என்றுதானே சொல்கிறோம்! பாட்டிமார் கதை கேட்டார்கள், எந்தப் பிரச்சினையை முதலில் தீர்க்கலாம் என்று கூடவே யோசித்தார்கள். 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016-ல் வெளிவந்தது. பாட்டிமாரிடம் பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாகவே குணம் தெரிந்திருந்தது.

மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் குழுவுக்கு வேலை அதிகம். குணம் தெரிய சில வாரம் ஆகும். அதற்குள் "கேக்கலை" என்று நிறுத்திவிடுவார்கள், அல்லது கொஞ்சம் தெளிந்ததும் டாக்டரைக் கேட்காமலே விட்டுவிடுவார்கள். மறுபடி வரச் சொன்ன தேதியை ஊக்குநர் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஞாபகப்படுத்துங்கள். கூடப் போக ஆள் இல்லை என்றால் முறை வைத்துப் போங்கள். ரெண்டு பேருக்கான பஸ் செலவைப் பொது நிதியில் எடுத்து 'மருத்துவச் செலவு' என்று கணக்கில் எழுதலாம்.