பாம்புக்கடிப் பதிவேட்டில் இன்னொரு கேள்வி

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் வந்த உத்தரவு அது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், பாம்பு கடித்து வந்தவர்களைப் பற்றி இனி அரசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு இது வெகுகாலம் தள்ளிப்போய்க் கடைசியில் வந்து சேர்ந்த நல்ல செய்தி. பாபநாசத்தில் தொடங்கி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று கடைமடை வரைக்கும் கார், பிசானம் என இரண்டு போகம் நெல் விளையும் பூமி இது. நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்துக்குக் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் வரும்.

அந்தப் பதிவேட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டிய ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை: விஷமுறிவு மருந்து ஏற்றும்போது நோயாளிக்குக் கடும் ஒவ்வாமை வந்ததா? வந்ததென்றால் அதை அடக்கும் அட்ரினலின் ஊசி எத்தனை நிமிடத்தில் போடப்பட்டது?

பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது. பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்து, சுத்திகரித்துக் குப்பியில் அடைக்கிறார்கள். விஷத்தை முறிக்க இதைவிட்டால் வேறு மருந்து கிடையாது. ஆனால் அந்நிய உயிரின் புரதம் நேராக ரத்த நாளத்துக்குள் போகும்போது மனித உடம்பு சில நேரம் சீறி எழுகிறது.

அவசர சிகிச்சைப் பிரிவில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கடிபட்டவரின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் அசையாமல் வைக்கிறார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. பத்துக் குப்பி மருந்தைக் கரைத்து, சலைனில் கலந்து, ஒரு மணி நேரத்தில் இறங்கும்படி சொட்டு வைக்கிறார்கள். விவரம் தெரிந்த செவிலியர் அதற்கு முன்பே ஒரு சிரிஞ்சில் அட்ரினலினை எடுத்துத் தட்டில் தயாராக வைத்துவிடுவார். சொட்டு ஆரம்பித்துச் சில நிமிடங்களில் நோயாளி கழுத்தைச் சொறிகிறார். மார்பில் திட்டுத் திட்டாகத் தடிப்பு. குளிர் நடுக்கம், குமட்டல், இருமல். பிறகு மூச்சு இழுக்கிறது, நாடி நூலாக இளைக்கிறது. உடனே சொட்டை நிறுத்திவிட்டு, பெரியவர்களானால் 0.5 மில்லி கிராம் அட்ரினலினைத் தொடையின் வெளிப்பக்கச் சதையில் போட வேண்டும். பெரும்பாலும் சிறிது நேரத்தில் மூச்சு சீராகும். நிலைமை தெளிந்ததும் விஷமுறிவு மருந்தை மறுபடியும் மெதுவாகத் தொடங்குவார்கள். ஒவ்வாமை வந்துவிட்டதே என்று மருந்தை அடியோடு நிறுத்தினால் பாம்பின் விஷம் ஆளைக் கொன்றுவிடும்.

இது எத்தனை பேருக்கு நேர்கிறது? மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் இலங்கையில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே பயன்படுவதும் இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துதான். 2011-இல் வெளியான அந்த ஆய்வில் 1,007 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். 752 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு, ஏதோ ஒரு வகை ஒவ்வாமை வந்தது. அவற்றில் 43 சதவீதம் கடுமையானவை. பத்தில் ஒன்பது எதிர்வினைகள் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வந்தன. விஷமுறிவு மருந்துக்கு முன்பே சிறிதளவு அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டவர்களுக்குக் கடும் எதிர்வினை முதல் மணி நேரத்தில் 43 சதவீதம் குறைந்தது. ஸ்டீராய்டும் ஒவ்வாமை ஊசியும் முன்கூட்டியே போட்டதில் அந்தப் பலன் இல்லை.

கடைசியில் சொன்னதை நம்மூர் அழுத்தமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். உடம்பு தடித்தாலே 'ஒரு அவில், ஒரு டெக்ஸா போடுங்க' என்பது இங்கே பழகிப்போன வழக்கம். அரிப்பு அடங்கும், சரி. சரிந்துவிட்ட ரத்த அழுத்தத்தையும் வீங்கி அடைக்கும் தொண்டையையும் ஒவ்வாமை ஊசியான அவிலும் ஸ்டீராய்டான டெக்ஸாவும் உரிய நேரத்தில் காப்பாற்றாது. முதலில் போக வேண்டியது அட்ரினலின். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள, விலை மிகக் குறைந்த மருந்து அது. அதைப் போட மருத்துவர் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளியின் கணக்கில் கழிகிறது.

அந்த நிமிடக் கணக்கும் நமக்குத் தெரியும். பிரிட்டனில் கடும் ஒவ்வாமையால் இறந்தவர்களின் விவரங்களைத் தொகுத்து 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. மூச்சோ இதயமோ நின்றுபோவதற்கு ஆன நேரத்தின் இடைநிலை அளவு, ஊசி மருந்தால் என்றால் 5 நிமிடம், பூச்சி கொட்டியதால் என்றால் 15 நிமிடம், உணவால் என்றால் 30 நிமிடம். இதை நம் பள்ளத்தாக்கின் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர். மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலையிலிருந்து மலைப்பாதையில் இறங்குவதற்கே மணிக்கணக்காகும். 108 ஆம்புலன்ஸ் 2008-இலிருந்து எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அதுவும் பதினைந்து நிமிடத்தில் மலையேறிவிடாது. ஆகவே அட்ரினலின் கீழே பெரியாஸ்பத்திரியில் இருந்தால் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஆம்புலன்சில், ஊசி போடும் ஒவ்வொரு கிளினிக்கிலும் இருக்க வேண்டும்.

பூச்சி என்றதும் கடந்தையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பனை உச்சியிலும் புதரிலும் கூடு கட்டும் இந்தக் குளவியை அழிக்கத் தீயணைப்பு வண்டியை வரவழைக்கும் ஊர்கள் நம் பக்கம் ஏராளம். கடந்தை கொட்டி ஒருவர் இறந்தால் அது இரண்டு விதமாக நடந்திருக்கலாம். கூட்டமாகக் கொட்டி உடம்பில் ஏறிய விஷத்தின் அளவே சிறுநீரகத்தைக் கெடுத்து, சில நாளில் உயிர் போகலாம். அல்லது முன்பு எப்போதோ கொட்டு வாங்கிய ஒருவருக்கு, இந்த முறை ஒரே கொட்டில் ஒவ்வாமை அதிர்ச்சி வந்து, ஆஸ்பத்திரி வாசலைத் தொடுமுன்பே போகலாம். இரண்டாவது, அட்ரினலினால் தடுக்கக்கூடிய சாவு. ஆனால் காவல் நிலையத்தில் இரண்டுமே 'விஷ வண்டு கடித்து இறப்பு' என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. வீட்டிலோ, உடம்பெல்லாம் தடித்தால் காணாக்கடி என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகிறோம். வெறும் தடிப்பு தானாகவே அடங்கும், அதனால் பயமில்லை. தடிப்போடு மூச்சுத்திணறலோ, விடாத வாந்தியோ, மயக்கமோ சேர்ந்தால் அது வேறு விஷயம். அப்போது வேப்பிலைக்கு நேரம் இல்லை.

எண்ணத் தொடங்கிய நாடுகளில் என்ன தெரிந்தது? பிரிட்டனில் 1998 முதல் 2018 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2021-இல் ஒரு ஆய்வு வெளியானது. உணவால் வந்த கடும் ஒவ்வாமைக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் தொடக்கத்தில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 1.23, இருபது ஆண்டில் அது 4.04 ஆனது. அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் இறந்தோர் விகிதமோ 0.70 சதவீதத்திலிருந்து 0.19 சதவீதமாகக் குறைந்தது. சேர்க்கையை மட்டும் எண்ணியிருந்தால் நாடே பீதியில் மூழ்கியிருக்கும். சாவை மட்டும் எண்ணியிருந்தால் எதுவும் மாறவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள். இரண்டையும் ஆண்டுக்கு ஆண்டு சேர்த்து எண்ணியதால்தான் ஒவ்வாமை கூடிவருவதும் சிகிச்சை தேறிவருவதும் ஒரே நேரத்தில் கண்ணுக்குப் பட்டன.

மேல்நாட்டு எண்களை அப்படியே நம்மேல் போர்த்திக்கொள்ளவும் கூடாது. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், ரத்தப் பரிசோதனையில் ஏதாவது ஒரு உணவுக்கு எதிர்ப்பு காட்டியவர்கள் 26.5 சதவீதம். உண்மையில் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்கள் 1.2 சதவீதம்தான். ரத்தப் பரிசோதனைத் தாளில் வந்த நீண்ட பட்டியலைப் பார்த்து மீன், முட்டை, கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி, பிள்ளைகளை வெறும் ரசஞ்சோற்றில் வளர்க்கிற பெற்றோர் இந்த இரண்டு எண்களையும் அவசியம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சாவுக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருந்தது. உலக நாடுகள் இறப்புக்குக் காரணம் எழுதப் பயன்படுத்திய பத்தாவது பன்னாட்டு நோய்ப் பட்டியலில், ஒவ்வாமை அதிர்ச்சியை மூலக் காரணமாகக் குறிக்க முறையான வழி இல்லாததால் பிரேசில் போன்ற நாடுகளில் இந்தச் சாவுகள் கணக்கில் காணாமல் போயின. 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பட்டியல் அதைச் சரிசெய்திருக்கிறது.

எண்ணுவது நம்மால் முடியாத காரியமும் இல்லை. கொரோனா தடுப்பூசிக் காலத்தில் ஊசி போட்டவர்களை முப்பது நிமிடம் நாற்காலியில் உட்கார வைத்தோம். அது முக்கியமாக ஒவ்வாமை அதிர்ச்சிக்கான காவல். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, அத்தகைய அதிர்ச்சியால் நேர்ந்த முதல் மரணத்தை 2021 ஜூனில் உறுதிசெய்து வெளிப்படையாக அறிவித்தது. கோடிக்கணக்கான ஊசிகளுக்கு நடுவே ஒரு மரணத்தைத் தேடிப்பிடித்துக் காரணம் சொல்ல முடிந்த நாட்டில், பாம்புக்கடி வார்டின் எதிர்வினைகளை எண்ண முடியாதா?

பொதுச் சுகாதாரத் துறைக்கு வைக்கும் கோரிக்கை எளியது. பாம்புக்கடிப் பதிவில் கடும் ஒவ்வாமை வந்ததா, அட்ரினலின் எப்போது போடப்பட்டது, நோயாளி பிழைத்தாரா என்ற மூன்று விவரங்களும் இருக்கட்டும். கடந்தை, தேனீ கொட்டி வருகிறவர்களுக்கும் அதே மூன்று விவரங்களைக் குறிக்கட்டும். மாவட்டவாரியான எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடட்டும். மருந்தால் வந்த ஒவ்வாமையை நோயாளியோ உறவினரோகூடப் புகார் செய்யலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.