கோழிக்குஞ்சுகளுக்கு ஏற்ற எளிய கொட்டகை

கோழி வளர்ப்பு குடியானவர் வீட்டுப் பெண்மக்களின் சொந்த வருமானமாகும். உப்பு புளிக்கும், பிள்ளைகளின் புத்தகத்துக்கும், திடீரென வரும் வைத்தியச் செலவுக்கும் அதுவே கைகொடுக்கிறது. ஆயினும், ஒரு கோழி பன்னிரண்டு முட்டைகளை அடைகாத்துப் பத்துக் குஞ்சுகளைப் பொரித்தால், அவற்றுள் பருவமடைந்து முட்டையிடுபவை மிகச் சிலவே என்பதை வளர்ப்போர் யாவரும் அறிவர். ஈரம், குளிர், கீரிப்பிள்ளை, பூனை, காகம், நோய் ஆகியவையே இந்த நஷ்டத்துக்குக் காரணம். இவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரு சிறு கொட்டகையால் தடுத்துவிடலாம். பஞ்சாரத்தின் கீழ்க் கவிழ்த்து வைப்பது பகற்பொழுதுக்குப் போதுமேயன்றி, மழைக்கால இரவுக்குப் போதாது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களையும் அவற்றை அடுத்த கிராமங்களையும் மனத்திற் கொண்டு, 30 குஞ்சுகளுக்கு ஏற்ற கொட்டகை ஒன்றின் விவரம் இங்கே தரப்படுகிறது.

இடமும் மேடையும்

இப்பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்கிறது. ஏரிகள் நிரம்பித் தாழ்ந்த இடங்களில் நீர் தேங்குவதும் அக்காலத்திலேதான். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் நேர்ந்த வெள்ளத்தையும் ஒருவரும் மறந்திருக்க மாட்டார். அவ்விரு வருஷங்களிலும் தம் வீட்டுச் சுவரில் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை நினைத்து, அதற்கு மேலாக மேடை அமையும்படி இடம் தெரிந்தெடுப்பது உத்தமம். நீர் ஏறாத இடமாயினும் மேடை 1½ அடிக்குக் குறையலாகாது. மண்ணைக் கொட்டி நன்றாகத் திமிசு போட்டு இறுக்கி, மேலே சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையோ சிமெண்டோ பூசவேண்டும். எலியும் பெருச்சாளியும் வளை தோண்டுவதை இப்பூச்சுத் தடுக்கும். மேடையைச் சுற்றிலும் நீர் வடிந்தோட ஒரு சிறு கால்வாய் வெட்டுவது அவசியம்.

அளவும் அமைப்பும்

எட்டு வாரம் வரையில் குஞ்சு ஒன்றுக்கு ஒரு சதுர அடி இடம் வேண்டும். ஆகவே 30 குஞ்சுகளுக்கு 6 அடி நீளமும் 5 அடி அகலமும் போதும். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கவேண்டும். அவ்வாறு அமைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும். அக்குறுகிய பக்கங்களை மூங்கிற் பாயாலோ பலகையாலோ முழுவதும் அடைத்துவிடலாம். கதவு மேற்குப் பக்கத்தில் இருந்தால் வடகிழக்கு மழை உள்ளே புகாது.

வடக்கிலும் தெற்கிலும் ஓர் அடி உயரம் செங்கற்சுவர் எழுப்பி, அதற்கு மேல் 3 அடி அகலமுள்ள கம்பிவலை அடிக்கவேண்டும். வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேற்படலாகாது. பெரிய கண்ணுள்ள வலையில் கீரிப்பிள்ளைக் குட்டியும் எலியும் நுழைந்துவிடும். வலை மெல்லியதாயின் நாய் கிழித்துவிடும்.

சவுக்குக் கழிகளைத் தூண்களாக நட்டு, நடுமுகடு தரையிலிருந்து 6½ அடி உயரம் இருக்கும்படி இருபுறமும் சரிவாகக் கூரை வேயவேண்டும். சரிவு குறைந்தால் கீற்று ஒழுகும். இறவாரம் சுவருக்கு வெளியே 1½ அடி நீண்டிருந்தால் சாரலும் வெயிலும் உள்ளே வாரா. தென்னங்கீற்றை ஆண்டுதோறும் மாற்றவேண்டியிருக்கும். பனையோலை அதனினும் நீடிக்கும். தகரக்கூரை போடுவோர் அதன்மேல் ஓலை பரப்பாவிடில், மே மாத வெயிலில் குஞ்சுகள் மூச்சிரைத்து மடியும்.

மழைக்காலத்தில் வடபுறம் கோணிப்பையைத் திரையாகத் தொங்கவிடலாம். ஆனால் திரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி எப்போதும் இருக்கவேண்டும். காற்றோட்டம் இல்லாவிடில் எச்சத்திலிருந்து எழும் காரநெடி கண்ணையும் மூச்சுக்குழலையும் கெடுக்கும்.

மூங்கிலின் வெடிப்புகளிலும் கழிகளின் சந்துகளிலும் கோழியுண்ணி பகலெல்லாம் ஒளிந்திருந்து இரவில் இரத்தத்தை உறிஞ்சும். ஆதலால் கட்டுமுன்னரே வெடிப்புகளைத் தார்பூசி அடைத்துவிடுவது நலம்.

உமிப் படுக்கை

தரைமீது 2 அங்குல கனத்துக்கு நெல் உமியோ வேர்க்கடலைத் தோலோ பரப்பி, நாள்தோறும் கிளறிவிடவேண்டும். நனைந்த உமியை உடனே அள்ளி எடுத்து, உலர்ந்ததை இடவேண்டும். இரத்தக்கழிச்சல் நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் முட்டைகள் எச்சத்தோடு வெளிவருகின்றன. ஈரமும் சூடும் கிடைத்தால் அவை இரண்டொரு நாளில் நோய் உண்டாக்கும் நிலையை அடைகின்றன. உலர்ந்த படுக்கையில் அவ்வாறு முதிர்வது அரிது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களை இட்டு வைத்தால் குஞ்சுகள் நனையவோ மூழ்கவோ மாட்டா.

சூடு

தாய்க்கோழி இருப்பின் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை அதுவே தன் சிறகின்கீழ் அணைத்துக்கொள்ளும். தாயின்றி ஒருநாட் குஞ்சுகளாக வாங்குவோர், முதல் வாரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் சூடும், பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்தும் கொடுக்கவேண்டும். 30 குஞ்சுகளுக்கு 60 வாட் பழைய குமிழ்விளக்கு ஒன்று போதும். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிச் சூடு தராது.

வெப்பமானி இல்லாதோர் குஞ்சுகளைக் கண்டே அறியலாம். விளக்கடியில் நெருங்கிக் குவிந்தால் குளிர் மிகுதி. விலகி ஓடி வாய்திறந்து இரைத்தால் சூடு மிகுதி. எங்கும் பரவி மேய்ந்தால் சூடு சரி. மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து நசுங்காதபடி முதல் இரண்டு வாரம் பாயை வட்டமாக நிறுத்தி அதனுள் விடவேண்டும்.

விளக்கை உமிக்கு 1½ அடி மேலே, உறுதியான கம்பியில் கட்டவேண்டும், மின்கயிற்றிலேயே தொங்கவிடலாகாது. அது அறுந்து உமியில் விழுந்தால் கொட்டகையும், அடுத்திருக்கும் வீட்டுக் கூரையும் எரிந்துபோகும்.

தடுப்பூசியும் கூட்டுறவும்

எவ்வளவு நல்ல கொட்டகையும் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்காது. 1927ஆம் ஆண்டில் வடநாட்டு ராணிகேத் என்னும் ஊரில் கண்டறியப்பட்டமையால் அது ராணிகேத் நோய் எனப் பெயர் பெற்றது. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ மருந்துத் துளி விடுவதும், எட்டாம் வாரத்தில் ஊசி போடுவதும் வழக்கம். 1932 முதல் இயங்கிவரும் இராணிப்பேட்டை நிலையம் கால்நடைத் தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கிறது. உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் விசாரித்தால் நாளும் முறையும் தெரியவரும்.

ஒரு மருந்துக் குப்பி பொதுவாக 100 அல்லது அதற்கு மேற்பட்ட பறவைகளுக்கு உரியது. கலக்கிய பின் சில மணி நேரமே அதற்கு வீரியம் உண்டு. 30 குஞ்சுகள் உள்ள ஒரு வீட்டுக்காக அதைத் திறந்தால் எஞ்சியது வீணாகும். நான்கு வீட்டார் ஒரே வாரத்தில் குஞ்சு இறக்கினால் ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் பயன்படும். கம்பிவலையும் அப்படியே. ஒரு கொட்டகையின் இருபுறத்துக்கும் 12 அடி வலை வேண்டும். 50 அடிச் சுருள் ஒன்றைக் கூடி வாங்கினால் நான்கு கொட்டகைகளுக்குப் போதும். சில்லறையாக வெட்டி வாங்கும் செலவு மிஞ்சும்.

இத்தகைய கூட்டுமுயற்சி இப்பகுதிக்குப் புதியதன்று. 1904ஆம் ஆண்டில் நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது திருவள்ளூரை அடுத்த திரூரிலேதான். தென்கோடியில் மார்த்தாண்டத்தில் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் கிராமப் புனருத்தாரண நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்பார், கோழி வளர்ப்பை விருத்தி செய்ததோடு, முட்டைகளைக் கூடி விற்கும் வழியையும் குடியானவர்களுக்குக் காட்டினார்.

இப்போது அம்பத்தூர் சென்னை மாநகராட்சியிலும், ஆவடி தனி மாநகராட்சியாகவும் அமைந்துவிட்டபடியால், வீடுகள் நெருங்கியுள்ள தெருக்களில் அயலாருக்கு நாற்றமும் ஈயும் உபத்திரவம் ஆகாதபடி கொட்டகையைச் சுத்தமாக வைத்திருப்பது கடமையாகும். இறந்த குஞ்சைக் குப்பையில் எறியாமல் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்கவேண்டும்.

எட்டு வாரத்துக்குப் பின் பறவை ஒன்றுக்கு இரண்டு சதுர அடி தேவைப்படும். ஆகையால் சேவல்களை விற்றுப் பதினைந்து பெட்டைகளை மட்டும் நிறுத்திக்கொண்டால், அதே கொட்டகை அவற்றுக்கு இரவுத் தங்கலாக உதவும். கட்டுவதற்கு ஏற்ற காலம் கோடை. ஐப்பசி மழை தொடங்கிய பின் மேடைக்கு மண் தேடுவது வீண் உழைப்பு.