கேரம் பலகையும் மனப்பயிற்சியும்

சென்ற பங்குத் திருவிழாவை ஒட்டி நம் இளைஞர் மன்றத்தார் கேரம் போட்டி ஒன்று நடத்தினர். திருவேங்கடத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்து ஆடினர். இறுதியாட்டத்திற்கு வந்த இருவருள் ஒருவன் பதினான்கு வயதுச் சிறுவன். தந்தை கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் பயிரிடுபவர். தாய் தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவர். மூன்று மாதம் மாலைதோறும் மன்றத்துப் பலகையில் அவன் ஆடியதை நாம் கண்டிருக்கிறோம். பார்ப்பார் எவருமில்லாதபோது அவன் குறிவைத்த காய் தவறியதில்லை என்றே சொல்லலாம்.

அன்றோ, தந்தை அவன் முதுகுக்குப் பின்னே நின்றார். ஒரு காய் தவறியதும் உச்சுக் கொட்டினார், அடுத்தது தவறியதும் "கண்ணு எங்கடா இருக்கு?" என்றார். ராணிக் காய் குழியின் விளிம்பில் கிடந்தது. தொட்டாலே விழக்கூடிய காய். பையனின் விரல் நடுங்கிற்று. ஸ்டிரைக்கர் ராணியை உரசிவிட்டுத் தானே குழியில் விழுந்தது. ஆட்டம் போயிற்று. "மூணு மாசமா படிப்பையும் விட்டுப்போட்டு இதுக்குத்தான் உக்காந்திருந்தியாடா?" என்று தந்தை கேட்டது மன்றம் முழுவதும் கேட்டது.

சிறுவன் அழவில்லை. அழுதிருந்தால் நாம் இவ்வளவு கவலைப்பட்டிருக்கமாட்டோம். நான்கு வாரம் அவன் பலகைப் பக்கம் தலைகாட்டவில்லை. பீடச் சிறுவர் வரிசையிலும் இரண்டு ஞாயிறு அவனைக் காணவில்லை. ஒரு காய் தவறியதற்காக ஒரு பிள்ளை கோவிலையே விட்டு ஒதுங்கலாமா என்று கேட்பவர்கள், பதினான்கு வயதில் தாங்கள் எப்படியிருந்தோம் என்பதை மறந்தவர்கள்.

நம் பங்கிலும் குறை உண்டு. ஆட்டத்திற்கு முன் அவன் தோளில் தட்டி, "பதறாதே, மனத்தை அமைதியாக வைத்துக்கொள்" என்று நாமும் சொல்லியிருந்தோம். மனத்தை அமைதியாக வைக்கும் வழி எது என்று அவன் கேட்டிருந்தால் என்ன விடை சொல்லியிருப்போம்? அவ்வினாவே நம்மைச் சில நாள் உறங்கவிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஞான ஒடுக்கத்திற்காகக் கொடைக்கானல் சென்றிருந்தபோது கண்ட காட்சி அப்போது நினைவுக்கு வந்தது. அங்கே ஆங்கிலேயர் காலத்தில், 1895-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோல்ப் சங்கத்தின் மைதானம் உண்டு. மாலை உலாவின்போது சாலையோரம் நின்று பார்த்தோம். முதியவர் ஒருவர், குழிக்கு நான்கடி தொலைவில் கிடந்த பந்தை உருட்டிவிட வேண்டியிருந்தது. காற்றில்லை, தடுப்பாரில்லை, பந்து அசையாமல் கிடக்கிறது, குழியும் எங்கும் ஓடிவிடப்போவதில்லை. குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். அடித்தார். பந்து குழியின் ஓரத்தைச் சுற்றிவிட்டு விலகி நின்றது. செல்வர் விளையாட்டின் சிரமம் இவ்வளவுதானா என்று அன்று சிரித்துக்கொண்டோம். சிரித்திருக்கக் கூடாது.

பக்கத்துக் கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். ஹாக்கியில் பந்து நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. எண்ணிப் பார்க்க நேரமின்றி உடலே விடை சொல்லிவிடுகிறது. கோல்பிலும் கேரத்திலும் அப்படியன்று. பந்தும் காயும் அசையாமல் காத்திருக்கின்றன. எண்ணுவதற்கு நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில்தான் மனம் தன் வேலையைக் காட்டுகிறது. கேரத்தில் ஓர் அடிக்கு 15 விநாடி விதித்திருக்கிறார்கள். தந்தையின் முகம், சென்ற முறை தவறிய காய், கிடைக்கப்போகும் கோப்பை, நண்பர்களின் ஏளனம் ஆகிய அனைத்தும் உள்ளே வந்து அமர 15 விநாடி தாராளம். எதிராளி ஆடும்போதோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் தேர்ந்தவரானால் ஒன்பது காயையும் ராணியையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு எழுந்து போவார். நமக்கு ஓர் அடிகூடக் கிடைக்காது. கோல்பில் நான்கு மணி நேர ஆட்டத்தில் பந்தை அடிக்கும் நேரத்தைக் கூட்டினால் சில நிமிடங்களே தேறும். எஞ்சியதெல்லாம் நடப்பதும் காத்திருப்பதும். ஆட்டம் கெடுவது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான்.

இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. கனடா நாட்டு கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் என்ற அம்மையார், கோல்ப் ஆடுவோரின் கண் எங்கே போகிறது என்பதைக் கருவிகொண்டு அளந்து 1992-ல் வெளியிட்டார். தேர்ந்தவரின் கண், அடிப்பதற்கு முன் பந்தின்மேல் இரண்டு மூன்று விநாடி அசையாது நிலைத்தது. தேராதவரின் கண் பந்துக்கும் குழிக்குமாக அலைந்தது. கை நடுங்குமுன் கண் நடுங்குகிறது என்று நாம் இதைப் புரிந்துகொண்டோம். புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ், 1974-ல் எழுதிய நூலில், பந்து போய் விழும் இடத்தையும் அது செல்லும் வழியையும் மனத்தில் திரைப்படம்போல் ஓட்டிப் பாராமல், பயிற்சியில்கூடத் தாம் ஓர் அடியும் அடிப்பதில்லை என்கிறார்.

பயிற்சியின் முறையிலும் ஒரு பாடம் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஒரே காயை ஒரே இடத்தில் வைத்து ஐம்பது முறை அடிக்கிறார்கள். நாற்பதாவது முறை தவறாமல் விழுகிறது. தேர்ச்சி பெற்றுவிட்டோம் என்று மகிழ்கிறார்கள். 1979-ல் ஷே, மார்கன் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த சோதனை வேறு விதமாகச் சொல்கிறது. பல வகை வேலைகளைக் கலந்து பழகியவர்கள் பழகும் காலத்தில் பின்தங்கியே இருந்தனர். பிறகு சோதித்தபோது அவர்களே முந்தினர். மெய்யான ஆட்டத்தில் ஒரே காய் ஐம்பது முறை வருவதில்லையே! நேரடி அடி ஒன்று, கட் ஒன்று, சட்டத்தில் மோதித் திரும்பும் டபுள் ஒன்று என மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் முதலும் கடைசியுமாக எண்ணி அடிக்க வேண்டும். தவறுகள் மிகும். மிகட்டும்.

இவற்றையெல்லாம் படித்தபோது, குருமடத்தில் நாம் கற்ற ஒன்று இதற்கு நெருங்கிய உறவினதாகத் தோன்றிற்று. புனித இஞ்ஞாசியார் தம் ஞானப் பயிற்சிகளில் தனி ஆத்தும சோதனை என்று ஒன்றைக் கற்பிக்கிறார். எல்லாக் குற்றங்களையும் ஒரே நாளில் ஒழிக்கப் புறப்படாதே. ஒன்றை மட்டும் தேர்ந்துகொள் என்பது அதன் சாரம். காலையில் எழும்போதே அதை நினைவில் வைக்க வேண்டும். நண்பகலிலும் இரவிலும் எத்தனை முறை தவறினோம் என எண்ணி, நாளுக்கு இரண்டாக வரைந்த கோடுகளில் புள்ளி வைக்க வேண்டும். இன்றைய கோட்டை நேற்றைய கோட்டோடும், இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். போர்வீரராயிருந்தவர் அல்லவா, கணக்கில் கறாரானவர்! இளங்குருமாணவராய் இருந்தபோது இம்முறை நமக்குச் சலிப்பூட்டிற்று என்பதை மறைப்பானேன்? புள்ளிகளைத் திருத்தி வைத்ததும் உண்டு. ஆயினும், "நல்லவனாக இரு" என்ற பெரிய கட்டளையைவிட, "இன்று இந்த ஒன்றை மட்டும் கவனி" என்ற சிறிய கட்டளைக்கு மனம் எளிதாகக் கீழ்ப்படிகிறது என்பதைப் பின்னாளில் உணர்ந்தோம். மனத்தைச் சும்மாயிரு என்றால் இராது. கையில் ஒரு சிறு வேலையைக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு அமரும்.

கேரம் ஆடுவதைத் தவத்தோடு ஒப்பிடுகிறாரே சாமி என்று சிலர் முகம் சுளிக்கலாம். புனித அருளப்பர் ஒரு கவுதாரியைத் தடவிக் கொடுத்து இளைப்பாறிக்கொண்டிருந்ததைக் கண்டு வேடன் ஒருவன் வியந்தானாம். உன் வில்லை எப்போதும் நாணேற்றியே வைத்திருப்பாயா என்று அருளப்பர் அவனைத் திருப்பிக் கேட்டார் எனத் துறவி கசியான் எழுதி வைத்திருக்கிறார். இதே நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி, விளையாட்டிலும் ஓர் அறம் உண்டு என்று புனித அக்குவினாஸ் தோமையார் வாதிடுகிறார். புனித சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதும்போது ஓட்டப் பந்தயத்தையும் குத்துச் சண்டையையும் உவமை காட்டுகிறார். ஆகவே நாம் நல்ல துணையோடுதான் நிற்கிறோம்.

கேரம் வேலையற்றோர் விளையாட்டு என்ற எண்ணம் நம் ஊர்ப் பெரியோரிடம் வேரூன்றியிருக்கிறது. அவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்லி வருகிறோம். ஒருவர் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம். 1991-லும் 1995-லும் உலக வாகை சூடி, 1996-ஆம் ஆண்டுக்குரிய அருச்சுனா விருது பெற்றவர். மற்றொருவர் சென்னையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தனியாட்டம், இரட்டையர், குழு என மூன்றிலும் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 17. பன்னாட்டுக் கேரம் சம்மேளனமே 1988-ல் சென்னையில்தான் தோற்றுவிக்கப்பட்டது. அவர்கள் ஆடியதும் 29 அங்குலச் சதுரப் பலகையில்தான். நம் மன்றத்தில் கிடப்பதும் அதே அளவுதான்.

வெற்றிக்கு மேலான ஒன்றும் இதில் உண்டு. 1925-ஆம் ஆண்டு அமெரிக்கத் திறந்த கோல்ப் போட்டியில், பாபி ஜோன்ஸ் என்பவர் புல்லில் கிடந்த பந்தை அடிக்க ஆயத்தமானபோது பந்து இம்மியளவு அசைந்தது. கண்டவர் எவருமில்லை. நடுவர்கள் அவர் தீர்ப்புக்கே விட்டனர். பந்து அசைந்தது என்று அவரே சொல்லித் தண்டனையாக ஓர் அடியை ஏற்றுக்கொண்டார். நான்கு சுற்றும் முடிந்தபோது வில்லி மக்பார்லேன் என்பவரோடு சமநிலையில் நின்றார். பின்னர் நடந்த தீர்வாட்டத்தில் தோற்றார். அந்த ஓர் அடி இல்லாதிருந்தால் வாகை அவருடையதே. இதனை மறைக்கல்வி வகுப்பில் சொன்னபோது, "அவர் சொல்லாட்டி யாருக்குத் தெரியும் சாமி?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "அவருக்குத் தெரியுமே" என்று அடுத்த வரிசையிலிருந்து விடை வந்தது. நாம் வாய் திறக்கத் தேவையிருக்கவில்லை.

ஐந்தாம் வாரம் அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றோம். தாய் ஆலையிலிருந்து திரும்பவில்லை. தந்தை கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். நாம் கோல்ப் கதையிலிருந்தே தொடங்கினோம். 2021 ஆகஸ்டு மாதம் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் ஓர் அடி வேறுபாட்டில் பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். அவ்வாட்டத்தின் விதியே அறியாத நாடு விடியற்காலையில் விழித்திருந்து பார்த்தது. அவரை ஏசியவர் எவரையும் நாம் கண்டதில்லை என்றோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு அவனுக்கு முன்னால எனக்குத்தான் சாமி கை நடுங்குச்சு. நம்ம வீட்டுல ஒருத்தன்கூட எதுலயும் செயிச்சதில்ல" என்றார்.

பெற்றோரே, அச்சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் முதுகுக்குப் பின் நிற்கும் நம் நடுக்கம், அவன் விரலில் போய் இறங்குகிறது. அவனுக்குத் தன் மனத்தை அடக்குவதே பெரும்பாடு. நம் மனத்தையும் சேர்த்து அவன் சுமக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் பையன் மன்றத்திற்கு வந்தான். அவனுக்கு நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, இஞ்ஞாசியாரின் கோடுகளை வரையக் காட்டிக் கொடுத்தோம். கவனிக்க வேண்டிய குற்றம் ஒன்றே ஒன்று. ஸ்டிரைக்கர் விரலை விட்டு நீங்குமுன் அவன் கண் குழிக்கு ஓடிவிடுகிறது. காய் விழுந்ததா இல்லையா என்பதைக் குறிக்க வேண்டாம். கண் ஓடினால் மட்டும் ஒரு புள்ளி. எதிராளி ஆடும்போது செய்வதற்கு ஒரு வேலை: மூச்சைப் பத்து வரை எண்ணிவிட்டு, தன் காய்களில் எது எளிது, எது அரிது எனப் பார்த்துக்கொண்டிருப்பது. தொடர்ந்து மூன்று காய் விழுந்துவிட்டால் கையை மடியில் வைத்து, ஒரு மூச்சு விட்டபிறகே நான்காவதைத் தொடுவது. ஏனெனில் எளிதாக விழுந்த மூன்றாவதன் மகிழ்ச்சியில் நான்காவதை அவசரப்பட்டு அடிப்பது அவன் வழக்கம். முதல் நாள் முப்பத்தொரு புள்ளி. "இம்புட்டா?" என்று அவனே திகைத்தான்.

தந்தைக்கும் ஒரு பயிற்சி வைத்தோம். சனிக்கிழமை மாலை பின்னால் நிற்காமல், எதிரில் அமர்ந்து மகனோடு ஆட வேண்டும். மண்வெட்டி பிடித்த கைக்கு ஸ்டிரைக்கர் அடங்கவில்லை. முதல் அடியில் அது பலகையை விட்டே பறந்து, பவுடர் டப்பாவைத் தட்டிவிட்டது. மன்றமே சிரித்தது, அவரும் சிரித்தார். "எப்பா, மெதுவா. கண்ணக் காயில வையிங்க" என்றான் பையன்.

சென்ற வாரக் குறிப்பேட்டைப் பார்த்தோம். திங்கள் ஏழு, செவ்வாய் ஏழு, புதன் ஆறு, வெள்ளி நான்கு. சனிக்கிழமை மட்டும் பதினொன்று. அது தந்தை ஆட வந்த நாள். சிரிப்பதற்காகத் தலையைத் தூக்கியதற்கும் புள்ளி வைக்க வேண்டுமா என்று கேட்கிறான். இஞ்ஞாசியாரின் நூலில் இதற்கு விடை காணோம்.