‘ஆடிபிள்’ என்னும் சொல்

ஆங்கிலச் சொற்களுள் சில, நாம் அழையாமலே நம் இல்லங்களில் வந்து குடியேறிவிடுகின்றன. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டுக் கைப்பேசித் திரையில் பாடங்கள் நடைபெற்றபோது அவ்வாறு வந்து சேர்ந்த சொல் ‘ஆடிபிள்’ என்பது. ‘ஆம் ஐ ஆடிபிள்?’ என்று ஆசிரியை வினவுவார். ‘எஸ் மேடம்’ என்று பிள்ளைகள் கூவுவர். இன்றும் தொலைவிலிருந்து கூடிப் பேசும் அலுவலகக் கூட்டங்களில் அவ்வினா ஓயவில்லை. அது பிழையான ஆங்கிலம் என்று எள்ளி நகைப்போரும் உளர். அந்நகைப்புக்கு அஞ்சி வாய் திறவாதிருக்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருத்தலால், இச்சொல்லைச் சிறிது ஆராய்வது நன்று.

‘செவிக்கு எட்டுகின்ற’ என்பதே இதன் பொருள், ‘உரத்த’ என்பதன்று. உரப்பு என்பது ஒலியின் வலிமையைக் குறிப்பது. ஆடிபிள் என்பதோ ஒலிக்கும் செவிக்கும் உள்ள உறவைக் குறிப்பது. பக்கத்திலிருப்பவர் விடும் பெருமூச்சும் ஆடிபிள்தான். காத தூரத்துக்கு அப்பால் அதிரும் முரசு அவ்வாறன்று. மனிதச் செவிக்கு எட்டுவது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியே என்பர். அதற்கு மேற்பட்ட ஊதலொலி நாய்க்குக் கேட்கும், நமக்குக் கேளாது.

‘கேட்டல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையினின்று பிறந்த இச்சொல்லுக்கு உடன்பிறந்தார் பலர். ஆடியன்ஸ், ஆடிட்டோரியம் ஆகியன யாவரும் அறிந்தவை. எம்மைப் போன்ற இரயில்வே எழுத்தர்களின் உறக்கத்தைக் கெடுக்கும் ‘ஆடிட்’ என்பதும் அக்குடும்பத்ததே! முற்காலத்தில் இங்கிலாந்தில் கணக்குகளை வாய்விட்டுச் சொல்ல, அதிகாரி செவியால் கேட்டுச் சரிபார்த்தமையின் அப்பெயர் அமைந்தது.

இரயில் தொழிலில் இச்சொல்லின் பயன் உயிரைக் காப்பது. மூடுபனியில் கைகாட்டியும் விளக்கும் கண்ணுக்குப் புலப்படாவிடில், தண்டவாளத்தின் மீது பட்டாசு போன்ற வெடிகளை வைப்பர். எஞ்சின் ஏறியதும் அவை வெடித்து, முன்னே சிக்னல் உண்டு என ஓட்டுநருக்கு அறிவிக்கும். கண் கைவிட்ட இடத்தில் செவி துணை செய்கிறது.

நம் ஐதராபாத்திலே இச்சொல்லுக்குக் கல்லால் எழுதிய உரையே உண்டு எனலாம். கோல்கொண்டாக் கோட்டையின் அடிவாரத்து வாயில் மண்டபத்தில், குவிமாடத்தின் கீழ் நின்று கைதட்டினால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் மலையுச்சியிலுள்ள பாலா ஹிசாரில் அவ்வோசை கேட்கும். வாயிலில் நேரும் இடரை மேலுள்ளார்க்கு அறிவிக்கவே அவ்வாறு கட்டினர் என்பது வழிகாட்டிகளின் கூற்று. தட்டும் கை ஒன்றுதான். குவிமாடத்தின் வளைவு அதன் ஒலியைத் திரட்டிச் செலுத்துவதால் உச்சியில் அது ஆடிபிள் ஆகிறது. இத்தனை அமைப்பிருந்தும் 1687இல் எட்டு மாத முற்றுகைக்குப் பின் ஔரங்கசீப்பிடம் கோட்டை வீழ்ந்தது வேறு கதை. கதவை உள்ளிருந்தே ஒருவர் திறந்துவிட்டார் என்பர்.

இனி, ‘ஆம் ஐ ஆடிபிள்?’ என்பது பிழையா? இலக்கணப்படி பிழையில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையோர் பேச்சில் ‘கேன் யூ ஹியர் மீ?’ என்பதே இயல்பாக வரும். ஆடிபிள் என்பதை அவர்கள் பெரிதும் எழுத்திலும் அறிக்கையிலும் ஆள்வர். இவ்வேறுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

தமிழிலோ இதற்கு அழகான ஆட்சிகள் பல. ‘காதில் விழுகிறதா?’ என்கிறோம். கூப்பிட்டால் கேட்கும் தொலைவை அளவாகவே கொண்டு ‘கூப்பிடு தூரம்’ என்றனர் நம் முன்னோர். ஆடிபிள் என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் அகராதியில் இருக்குமா என்பது ஐயமே.

மற்றொரு சொல்லையும் உடன் அறிந்துகொள்க. செவிக்கு எட்டுவது ஆடிபிள். பொருள் விளங்குவது ‘இன்டெலிஜிபிள்’. செகந்திராபாத் நிலையத்தில் தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒலிபெருக்கி முழங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாக மகன் வீட்டுக்கு வரும் மூதாட்டிக்கு அதில் ஓர் எழுத்தும் தப்பாமல் காதில் விழுகிறது; நடைமேடை மாறியது மட்டும் தெரிவதில்லை. அத்தகையோரை அழைத்துச் செல்ல வருவோர், வாயிலில் காத்திராமல் பெட்டியருகே சென்றே நிற்க வேண்டும்.