வாழும் ஊரில் தொண்டு

மாணவர்களே! “உன் ஊர் எது?” என்று யாரேனும் வினவினால் உங்களுள் பலர் திருநெல்வேலி என்றோ தஞ்சாவூர் என்றோ சேலம் என்றோ விடை கூறுவீர்கள். கோடை விடுமுறையில் நெடுந்தொலைவு தொடர்வண்டியில் சென்று, சில வாரங்கள் தங்கிவிட்டு வரும் ஊர் அது. நாள்தோறும் பால் வாங்குவதும், பள்ளிக்கு நடப்பதும், மாலையில் மட்டைப்பந்து ஆடுவதும் வேறோர் ஊரில். அந்த ஊரை “அப்பா வேலை பார்க்கும் இடம்” என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சில ஆண்டுகளில் மாற்றல் வந்துவிடும், இங்கே நமக்கு என்ன இருக்கிறது என்னும் எண்ணம் பெற்றோரிடம் உண்டு. வெளிமாநிலங்களில் பணிபுரியும் ஆசிரியர்களாகிய எங்களிடமும் உண்டு. இந்த எண்ணத்தோடு பத்து ஆண்டுகள் ஓர் ஊரில் வாழ்ந்தும் அடுத்த வீட்டாரின் பெயர் அறியாதவர்களைக் கண்டிருக்கிறேன். வாழும் ஊருக்கு நாம் செய்யத்தக்க பணி எது, அதைத் தேடிக் கண்டறிவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது. நான் இப்போது பணியாற்றும் தில்லியை எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளேன். கொல்கத்தாவிலோ குவாகாத்தியிலோ படிப்பவர்கள் தங்கள் ஊரை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்க.

ஊதியம் கருதாமலும் பிறர் கட்டாயப்படுத்தாமலும் தன் விருப்பத்தால் பொதுப்பணி செய்பவரைத் தன்னார்வலர் என்கிறோம். இச்சொல் புதியது, ‘தொண்டு’ என்னும் சொல்லோ பழையது. வடநாட்டில் இதனைச் ‘சேவா’ என்பர். ஊரார் கூடி உடலுழைப்பைக் கொடையாகத் தருவதைச் ‘சிரமதானம்’ என்பர்.

திருக்குறளில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் வள்ளுவர் அவற்றைத் தனித்தனியே வைத்துள்ளார். இல்லாதவருக்குப் பொருள் கொடுப்பது ஈகை. தம்மைச் சூழ்ந்து வாழ்வோருக்குப் பயன்படுமாறு வாழ்வது ஒப்புரவு. ஒப்புரவு உடையவரின் செல்வத்துக்கு அவர் கூறும் உவமைகள் மூன்று: ஊரார் நீருண்ணும் குளம், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். மூன்றும் ஓரிடத்தில் நிலையாக நிற்பவை. அருகில் வாழ்வோருக்கு முதலில் பயன்படுபவை. உள்ளூர்த் தொண்டுக்கு இவற்றைவிடப் பொருத்தமான உவமைகள் எனக்குத் தெரியவில்லை.

தொண்டு செய்ய விரும்புவோர் முதலில் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அதனை ஓர் உண்மை நிகழ்ச்சி வாயிலாகக் காண்போம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம், கடலூர் முதலிய மாவட்டங்களில் பல்லாயிரம் குடும்பங்கள் வீடிழந்தன. செய்தி கேட்ட மக்கள் நாடெங்கிலுமிருந்து துணிகளை அனுப்பினர். லாரி லாரியாக வந்திறங்கிய அத்துணிகளில் பெரும்பகுதி யாருக்கும் பயன்படவில்லை. கிழிந்தவை, அளவு பொருந்தாதவை, அப்பகுதி மக்கள் உடுத்தும் வழக்கமில்லாதவை எனக் குவிந்தன. அதுவரை தம் உழைப்பால் வாழ்ந்த மீனவர் குடும்பங்களுக்குப் பிறர் உடுத்திக் கழித்த துணியை வாங்க மனம் வரவில்லை. துணிகள் சாலையோரங்களில் குப்பையாய்க் கிடந்தன. துயருற்ற ஊர்களுக்கு அவற்றை அகற்றும் வேலையும் சேர்ந்துகொண்டது.

அனுப்பியவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களின் இரக்கம் உண்மையானது. ஆனால், “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்னும் கேள்வியை அவர்கள் கேட்கவில்லை.

அவ்வாறு வீணாய்க் கிடந்த துணிகளைத் திரட்டி, சென்னையில் வைத்துத் தரம் பிரித்துப் பயன்படும் பொருள்களாக மாற்றும் பணியில் ஈடுபட்ட அமைப்புகளுள் ஒன்று, தில்லியைச் சேர்ந்த ‘கூஞ்ச்’. எதிரொலி என்பது இப்பெயரின் பொருள். அன்சு குப்தா என்பவர் 1999ஆம் ஆண்டில் தம் வீட்டிலிருந்த 67 துணிகளைக்கொண்டு இதனைத் தொடங்கினார். 2015ஆம் ஆண்டில் ரமோன் மகசேசே விருது பெற்றார். இவ்வமைப்பு துணியை இலவசமாக வழங்குவதில்லை. சிற்றூர் மக்கள் தங்கள் ஊருக்குத் தேவையான கிணற்றையோ பாதையையோ தாங்களே கூடிச் சீரமைக்கின்றனர். அவ்வுழைப்புக்கு மதிப்பாகத் துணி வழங்கப்படுகிறது. பெறுபவர் தலைநிமிர்ந்து பெறுகிறார். உங்கள் வீட்டில் பழைய துணி கொடுக்கும் வழக்கம் இருப்பின் துவைத்து, பொத்தான் தைத்து, காற்சட்டை நாடாவைக் கோத்துக் கொடுங்கள். காலணியாயின் இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். ஒற்றைக் காலணியால் யாருக்கும் பயனில்லை.

எனவே, கேட்டறிதல் முதற்படி. கேட்கும் முறையிலும் நயம் வேண்டும். பக்கத்து வீட்டில் பஞ்சாபியர் பாட்டி ஒருவர் தனியே வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் சென்று, “உங்களுக்கு உதவி செய்யட்டுமா?” என்று கேட்டால், “வேண்டாம் மகனே” என்றுதான் சொல்வார். தன்மானம் உள்ள பெரியவர் எவரும் அவ்வாறே சொல்வர். “பாட்டி, மருந்துக் கடைக்குப் போகிறேன், உங்களுக்கு ஏதேனும் வாங்க வேண்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். மருந்துச் சீட்டு உங்கள் கைக்கு வரும்.

இனி, தெருவைப் பார்ப்போம். தில்லியின் கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தொடுவதுண்டு. தெருக்காவலரும் தள்ளுவண்டி வணிகரும் அவ்வெயிலில்தான் நிற்கின்றனர். வீட்டு வாயிலில் ஒரு மண்பானையும் குவளையும் வைப்பதற்கு எந்த அமைப்பிலும் உறுப்பினராக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் அமைத்து நீர்மோர் வழங்குவதை நீங்கள் பார்த்திருக்கலாம். தில்லியிலும் பஞ்சாபிலும் சீக்கியர்கள், 1606ஆம் ஆண்டில் உயிர்த்தியாகம் செய்த குரு அர்ஜன் தேவரின் நினைவு நாளில் தெருவெங்கும் பந்தலிட்டுப் பாலும் பன்னீர்ப்பூச் சாறும் கலந்த குளிர்ந்த இனிப்பு நீரை வழிப்போக்கருக்கு வழங்குகின்றனர். அதனைச் ‘சபீல்’ என்பர். குவளை கழுவவும் நீர் ஊற்றவும் சிறுவர்கள் முன்வந்தால் அங்கே மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வர். பங்களா சாகிப் குருத்துவாராவின் சமையற்கூடமும் அத்தகையதே. தலையை மூடி, காலணியைக் கழற்றி, கைகளைக் கழுவிவிட்டுச் செல்லும் எவரும் அங்கே ரொட்டி தேய்க்கலாம், பாத்திரம் துலக்கலாம். எம்மதத்தவர், எம்மாநிலத்தவர் என்று கேட்பார் இல்லை. பெற்றோருடன் ஒரு ஞாயிறு சென்று வாருங்கள். பெருங்கூட்டத்துக்கு ஒழுங்காக உணவு படைப்பது எப்படி என்பதை நேரில் கற்கலாம்.

பறவைகளுக்கு நீர் வைப்பவர்கள் நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிடும். ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் முட்டை கொசுவாகிவிடும். தில்லி வீடுகளின் ஏர்கூலர் தொட்டிகளே அதற்கு வாய்ப்பான இடம். 2019ஆம் ஆண்டில் தில்லி அரசு, பத்து வாரங்கள், ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, பத்து நிமிடங்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டில் நீர் தேங்கியுள்ளதா எனப் பார்க்க வேண்டும் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. உங்கள் வீட்டை முடித்தபின், மாடிப்படி ஏற இயலாத முதியவர் வீட்டுத் தொட்டியையும் கவனித்தால் அந்தத் தெருவே பயன்பெறும். கொசுவுக்கு வீட்டு எல்லை தெரியாதல்லவா?

ஆகஸ்டு 15 தில்லியில் பட்டம் விடும் நாளும் ஆகும். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சாவும் நைலான் நூலும் தடை செய்யப்பட்டிருந்தாலும் முற்றிலும் ஒழியவில்லை. விழா முடிந்தபின் மரக்கிளைகளிலும் மின்கம்பிகளிலும் அறுந்த நூல் தொங்கிக்கொண்டிருக்கும். பருந்துகளும் புறாக்களும் அதில் சிக்கிச் சிறகு அறுபடுகின்றன. மறுநாள் நண்பர்கள் சேர்ந்து, கையுறை அணிந்து, தரையிலும் கைக்கெட்டும் தாழ்ந்த கிளைகளிலும் உள்ள நூலைச் சுற்றி எடுத்துக் குப்பையில் சேர்க்கலாம். மின்கம்பி அருகே செல்லவே கூடாது. காயமுற்ற பறவையைக் கண்டால் பெரியவரை அழைத்து, துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். அதன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. செங்கோட்டைக்கு எதிரே சமணக் கோயில் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இயங்குகிறது.

இவையெல்லாம் தில்லியில் வாழும் எந்தச் சிறுவரும் செய்யக்கூடியவை. உங்களிடம் மட்டும் உள்ள பொருள் ஒன்று உண்டு. அது இரு மொழி அறிவு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி என வளர்வதைச் சிலர் குறையாக நினைக்கின்றனர். பரிமாறக் கிடைத்த செல்வமாகவே நான் அதனைக் கருதுகிறேன்.

மகனுடன் வாழ்வதற்காகத் தில்லிக்கு வந்த தமிழ்ப்பாட்டிகளை நம் குடியிருப்புகளில் காணலாம். மகனும் மருமகளும் அலுவலகம் சென்றபின் மாலைவரை பேச ஒருவரும் இல்லை. கீரைக்காரரிடம் விலை கேட்கவும் அவர்களுக்கு மொழி தெரியாது. வாரம் இருமுறை அரைமணி நேரம் அவருடன் நடந்து சென்று, விலை கேட்கவும் எண்களைச் சொல்லவும் பத்து இந்திச் சொற்களைக் கற்றுக்கொடுங்கள். அவரிடமிருந்து நீங்கள் கற்கும் தமிழ் அதைவிட மிகுதியாக இருக்கும்.

மருத்துவமனையில் இத்தொண்டு இன்னும் பொறுப்புடையது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். தெரிந்த குடும்பத்தினருக்கு மொழிபெயர்க்க நேர்ந்தால் பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள். “மூன்று நாளாக, சாப்பிட்டபின் நெஞ்சுக்குக் கீழே எரிகிறது, இரவில் கூடுகிறது” என்று நோயாளி சொன்னால் அத்தனையையும் சொல்ல வேண்டும். “வயிற்றுவலியாம்” என்று சுருக்கிவிட்டால் மருத்துவரின் முடிவே மாறிவிடக்கூடும். தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்லி மீண்டும் கேட்க வேண்டும். அங்கே கேட்டதை வெளியே யாரிடமும் பேசக் கூடாது.

பார்வையற்ற மாணவருக்காகத் தேர்வு எழுதிக் கொடுப்பதும் இத்தகைய பணியே. அதற்குத் தேர்வு நடத்துவோர் விதிகள் வகுத்திருப்பர். ஆசிரியர் வழியாகவே செல்ல வேண்டும். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும். தவறான விடை என்று உங்களுக்குத் தெரிந்தாலும் திருத்தக் கூடாது. தேர்வு அவருடையது.

நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களுள் பலர் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களின் பிள்ளைகளும் புதிய ஊரில், புதிய மொழியில் பாடம் படிக்கத் திணறுகின்றனர். அந்தத் திணறல் எத்தகையது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாலையில் ஒரு பக்கம் படித்துக் காட்டவும் கணக்கு ஒன்று சொல்லித்தரவும் உங்களால் இயலும்.

அமைப்பாகச் செயல்பட விரும்புவோர் பள்ளியிலேயே தொடங்கலாம். பாரத சாரணர் சாரணியர் இயக்கம் 1950ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று உருவானது. கல்லூரிக்குச் செல்லும்போது நாட்டு நலப்பணித் திட்டம் காத்திருக்கிறது. காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் அது தொடங்கப்பட்டது. ஆர்.கே.புரத்தில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்கம் 1946 முதல் இயங்கிவருகிறது. அதன் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பறவை பார்க்கும் ஆர்வமுடையோர் பிப்ரவரியில் நான்கு நாள்கள் உலகெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்வதே வேலை. தமிழ்நாட்டில் பொங்கல் நாள்களிலும் இதுபோல் ஒரு கணக்கெடுப்பு நடைபெறுகிறது.

சிறிதாகத் தொடங்குக, தொடங்கியதை விடாதிருக்க. ஒரு குடியிருப்புப் பூங்காவில் சூலை மாதம் விழா எடுத்து வரிசையாக மரக்கன்று நட்டதைக் கண்டேன். நிழற்படம் எடுத்தனர். அடுத்த கோடையில் வேலிக்குச்சிகள் மட்டும் நின்றன. மரத்துக்குத் தேவைப்பட்டது நடும் நாளன்று. ஏப்ரல், மே மாதங்களின் அறுபது நாள்கள். புதன்கிழமை வருகிறேன் என்று ஒரு பாட்டியிடம் சொன்னால் புதன்கிழமை செல்ல வேண்டும். இயலாவிட்டால் செவ்வாயன்றே சொல்ல வேண்டும். அவர் அன்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். தனியாக எங்கும் செல்லாதீர்கள். வீட்டில் சொல்லாமல் செல்லாதீர்கள். பணம் திரட்டும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

செயல்பாடு: உங்கள் தெருவின் வரைபடத்தைப் பயிற்சி ஏட்டில் வரைக. கடை, பூங்கா, வழிபாட்டிடம், மருந்தகம், தனியே வாழும் முதியோர் இல்லம், நீர் தேங்கும் இடம் ஆகியவற்றைக் குறிக்க. தெருவில் மூவரிடம் பேசி, அவர்களுக்குத் தேவைப்படுவது என்ன என்பதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுக. இந்தியில் சொன்னதைத் தமிழில் பெயர்த்து அருகில் எழுதுக. அவற்றுள் உங்களால் ஆவது ஒன்றைத் தேர்ந்து, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்க. ஒரே வீட்டை இருவர் தேர்ந்திருந்தால் கிழமையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். வரைபடத்தில் உங்கள் வீட்டையும் குறிக்க மறவாதீர்கள்.