ரெபெக்காளின் முகத்திரையும் சலவைக்கல்லின் சிதைவும்

ஹைதராபாத்தில் மூசி ஆற்றின் தென்கரையில் அமைந்த சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், இத்தாலியச் சிற்பி ஜியோவன்னி மரியா பென்சோனி வடித்த ‘முகத்திரையிட்ட ரெபெக்காள்’ என்னும் சலவைக்கல் சிலை உள்ளது. ஹைதராபாத் நிஜாமின் பிரதமராக இருந்த முதலாம் சாலார் ஜங் 1876-இல் ரோமில் வாங்கிய இச்சிலையில் முகமும் அதன்மேல் படிந்த திரையும் ஒரே கல்லாக இருந்தும், ஈரத்துணிக்குள்ளிருந்து முகம் தெரிவதாகவே கண்ணுக்குத் தோன்றுகிறது. அந்த அரிய தோற்றம் முழுவதும் கல்லின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய ஏற்ற இறக்கங்களில் அடங்கியிருப்பதால், மேற்பரப்பு போனால் சிலையே போனதாகும்.

சலவைக்கல் என்பது சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி உண்டான பாறை. கால்சைட் எனப்படும் கால்சியம் கார்பனேட் படிகங்களே அதன் உடல். இப்படிகங்களுக்கு அமிலம் ஆகாது. மருந்து, வேதிப்பொருள் ஆலைகள் நிறைந்த ஜீடிமெட்லா தொழிற்பேட்டை, ரெபெக்காள் இருக்கும் ஹைதராபாத்தின் வடபகுதியில்தான் இருக்கிறது. அத்தகைய தொழிற்பேட்டைகளின் கொதிகலன்களிலும் சாலைகளில் ஓடும் வண்டிகளிலும் கந்தகம் கலந்த எரிபொருள் எரியும்போது எழும் கந்தக டைஆக்சைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகி, கால்சைட்டை ஜிப்சமாக மாற்றுகிறது. ஜிப்சம் கால்சைட்டைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இடத்தை அடைப்பதோடு நீரில் பன்மடங்கு எளிதாகக் கரைவதால், திறந்தவெளிச் சிலையில் மழை படும் பகுதி மெல்ல மெல்லத் தேய்ந்துபோகிறது. மழை படாத மடிப்புகளிலோ ஜிப்சம் கரித்தூளைப் பிடித்துக்கொண்டு கரும்பொருக்காக இறுகுகிறது.

இப்பொருக்கு வெறும் அழுக்கன்று. சிற்பியின் உளி பட்ட தோலே இதற்குள் ஜிப்சமாக மாறிக் கிடக்கிறது. அதனால் சுரண்டி வெண்மையாக்க முனைவது நோயினும் கொடிய மருத்துவமாகிவிடும். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் சிற்பங்களைப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 1937–38-இல் செம்புக் கருவிகளால் சுரண்டியபோது இழந்த மேற்பரப்பு இனித் திரும்பாது.

மாசற்ற காற்றிலும் வெயில் தன் வேலையைச் செய்கிறது. வெப்பம் ஏறுகையில் கால்சைட் படிகம் ஒரு திசையில் விரிந்து, அதற்குக் குறுக்கான திசையில் சுருங்குவதால், பல்லாண்டுகளில் படிகங்களுக்கு இடையிலான பிடி தளர்ந்து, தொட்டால் சர்க்கரைபோல் உதிரும் நிலைக்குக் கல் வந்துவிடுகிறது. இணைப்புக்காகச் செருகிய இரும்பு ஆணிகள் துருவேறிப் பருத்து உள்ளிருந்து பிளப்பதும் உண்டு.

இவற்றிலிருந்து காக்க ரெபெக்காளுக்குக் கூரை வாய்த்திருக்கிறது; எல்லாச் சிலைகளுக்கும் அது காலத்தில் வாய்ப்பதில்லை. ஏதென்ஸின் எரெக்தியான் கோயில் மண்டபத்தைப் பெண்ணுருவத் தூண்களாகத் தாங்கிய சிலைகளில் அங்கே எஞ்சியிருந்த ஐந்தும், நகரக் காற்றில் முகம் கரைந்த பின்னரே 1979-இல் அருங்காட்சியகத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டன; அவை நின்ற இடத்தில் இன்று நகல்கள் நிற்கின்றன.